வானொலி பாடுவதற்கு மட்டும்தானா?

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நாட்டு நடப்பு எங்கள் வீட்டில் முதலில் அவருக்குத்தான் தெரியும். பண்டார் தெங்காராவில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் இருக்கும் பழைய வானொலிப் பெட்டிதான் அதற்குக் காரணம். செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போன காலத்தில் வாங்கிய பெட்டி அது. காலையில் அடுப்பு பற்றுவதற்கு முன்பே அது பேசத் தொடங்கிவிடும்.

2006 டிசம்பரில் ஜொகூரைப் பெருவெள்ளம் சூழ்ந்த கதையை அப்பா அடிக்கடி சொல்வார். கோத்தா திங்கி நகரம் நீரில் மூழ்கியது. வடிந்த வெள்ளம் 2007 ஜனவரியில் மீண்டும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அந்த டிசம்பரில் ஒரு நாள் விடியற்காலையில், வேலைக்காக அப்பா மோட்டார் சைக்கிளில் கோத்தா திங்கிக்குக் கிளம்பினாராம். "டேய், போகாதடா! அங்க ஊரே தண்ணியில கெடக்காம், ரேடியோவுல சொல்றாங்க" என்று பாட்டி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஊரில் அப்போது மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடிய அந்தப் பெட்டி மட்டும் தமிழில் பேசிக்கொண்டிருந்தது.

நான் வானொலியை வெறும் பாட்டுப் பெட்டியாக நினைக்காததற்கு இந்தச் சம்பவமே காரணம்.

வானொலிக்கும் ஜொகூருக்கும் பழைய உறவு உண்டு. 1921இல் ஏ. எல். பர்ச் என்ற மின்பொறியாளர் மலாயாவுக்கு முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டு வந்து, ஜொகூர் வானொலிச் சங்கத்தைத் தொடங்கினார். போருக்குப் பின், 1946இல் சிங்கப்பூரில் ஒலிபரப்புத் துறை உருவானது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் ரேடியோ மலாயா பேசியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் கம்பங்களிலும் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசாங்கப் பிரசாரமே அதன் முதல் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், பத்திரிகை படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளியின் காதுக்கு அவன் மொழியிலேயே செய்தி போய்ச் சேர்ந்தது. அந்தத் தமிழ் ஒலிபரப்பின் தொடர்ச்சிதான் ரேடியோ 6 ஆக இருந்து, 2005இல் மின்னல் எப்.எம். ஆகப் பெயர் மாறியது.

தமிழகத்துக்கு வருவோம். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி விவசாயிகளுக்குத் தொடர்ந்து எடுத்துச் சொன்னது. எப்போது விதைப்பது, எவ்வளவு உரம் இடுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட தஞ்சை விவசாயிகள் அந்த ரகத்துக்கு 'வானொலி நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வானொலியின் பொதுச் சேவைக்கு இதைவிடப் பெரிய விருது வேறென்ன வேண்டும்?

இது பழங்கதை என்று சிலர் நினைக்கலாம். 2016இல் பாம்பனில் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்கென்றே தொடங்கப்பட்டது. கடல் நிலவரம், காற்றின் வேகம், மீன்வளப் பாதுகாப்பு என்று அது மீனவர் பேசும் தமிழில் பேசியது. 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின் வந்த கொள்கை மாற்றங்களால்தான் 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலியும், பிறகு கடல் ஓசை போன்றவையும் பிறக்க முடிந்தது.

இனி நம் நிலைமைக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் ஜொகூரில் மறுபடியும் வெள்ளம். 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினர். அன்றிரவு எங்கள் வீட்டில் எல்லாருடைய கையிலும் கைப்பேசி இருந்தது. 'அணை உடைந்துவிட்டது, உடனே ஓடுங்கள்' என்று யாரோ அனுப்பிய குரல் பதிவு வாட்சாப்பில் சுற்றியது. அது பொய் என்று தெரிவதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா அழுதே விட்டார். பாட்டி வழக்கம்போல வானொலியைத் திருப்பினார். ஒரு நிலையத்தில் சினிமாப் பாட்டு, இன்னொன்றில் நேயர்களுக்குப் போட்டி. எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்தப் பள்ளியில் மையம் திறந்திருக்கிறது என்று தமிழில் சொல்ல அந்த நேரத்தில் ஒரு குரலும் இல்லை.

பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து வாழ்க்கையின் அலுப்பைப் போக்கியதே அந்தப் பாட்டுகள்தாம். விளம்பரத்தை நம்பி வாழும் தனியார் நிலையம் பாட்டையும் கலகலப்பையும் நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால், மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் வானொலிக்கு வேறு கடமையும் உண்டு. கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மின்சாரம் போனால் தொலைத்தொடர்புக் கோபுரமும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இரண்டு பேட்டரி போட்ட பெட்டி ஓயாது. அதோடு, குரல் பதிவை அனுப்பியவன் யாரென்று தெரியாது. செய்தி வாசிப்பவருக்குப் பெயர் உண்டு, பொறுப்பும் உண்டு.

என் தாழ்மையான கருத்து இதுதான். பருவமழை பெய்யும் நவம்பர் முதல் மார்ச் வரையிலாவது, ஜொகூர் போன்ற மாநிலங்களுக்கென நாள்தோறும் பதினைந்து நிமிட வட்டாரச் செய்தி தமிழில் வர வேண்டும். ஆற்றின் நீர்மட்டம், மூடிய சாலைகள், நிவாரண மையங்கள், மருந்தக வசதி ஆகியவற்றைத் தெளிவான, எளிய தமிழில் சொன்னால் போதும். நாடு முழுவதற்கும் பொதுவான செய்தி கோத்தா திங்கி மூழ்கியதைச் சொல்லும். எங்கள் தோட்டத்துப் பாலம் மூழ்கியதைச் சொல்லாது.

கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. தோட்டங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வந்த மாணவர்கள் நம் தமிழ்மொழிக் கழகத்தில் பலர் இருக்கிறோம். ஊருக்கு ஒருவராவது முன்வந்தால், வெள்ளக் காலத்தில் உறுதி செய்த தகவலை நிலையத்துக்கு அனுப்பும் ஒரு குழுவை அமைக்கலாம். மாணவர் வானொலி உள்ள வளாகங்களில் வாரம் ஒரு மணி நேரம் தமிழுக்குக் கேட்டுப் பெறலாம். ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரம் செய்வதில் காட்டும் உழைப்பில் பாதி இதற்குப் போதும்.

பாட்டிக்கு இப்போது காது சற்று மந்தம். இருந்தாலும் மழைக்காலம் தொடங்கியதும் பெட்டிக்குப் புதிய பேட்டரி வாங்கி வரச் சொல்கிறார். கேட்க அவர் ஆயத்தமாகத்தான் இருக்கிறார். சொல்ல நாம் ஆயத்தமா?