கொல்லையில் ஒரு மூலிகைப் பாத்தி

மழைக்காலம் தொடங்கியதும் கிராமங்களில் சளியும் இருமலும் தோன்றுவது வழக்கம். முற்காலத்தில் அவ்வேளையில் வீட்டுப் பெண்டிர் கொல்லைக்குச் சென்று, நாலு தூதுவளை இலையோ ஒரு பிடி துளசியோ பறித்து வந்து, ரசமோ கஷாயமோ வைத்துக் கொடுப்பர். இன்று பல வீடுகளில் அக்கொல்லை சிமெண்டுத் தளமாயிற்று. அல்லது சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கின்றது. தூதுவளையோ பொடியாகிப் பொட்டலத்தில் கடையிலிருந்து வருகின்றது. பத்து ஏக்கர் நன்செய் உடையவரும் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குச் சந்தையை எதிர்பார்த்திருப்பது, உழவுக் குடும்பத்துக்குப் பெருமை தரும் காரியமன்று.

இதனால் நேரும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. செடியானது இலையாலும் பூவாலும் காயாலும் தன்னை இன்னதென்று காட்டிக்கொள்ளும். பொடியானபின் அந்த அடையாளம் அழிந்துவிடும். கீழாநெல்லியின் சிறு காய்கள் இலைக்காம்பின் கீழ்ப்புறத்தில் வரிசையாகத் தொங்குவதைக் கண்டவர் அதனை மறக்கமாட்டார். ஆயினும் அதே சாயலுடைய வேறு நெல்லிகளும் வரப்புகளில் முளைக்கின்றன. உலர்த்தி இடித்தபின் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வல்லவர் யார்? சாக்கடையோரத்தில் பறித்ததா, களைக்கொல்லி தெளித்த வரப்பில் பறித்ததா என்பதையும் பொட்டலம் சொல்லாது. பச்சை இலையிலும் இக்கவலை உண்டு. கோயமுத்தூர் ஜில்லாவில் காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலை பெயர் பெற்றது. ஆயினும், 2010-ஆம் ஆண்டுக்குப் பிந்திய காலத்தில், இந்தியக் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்தின் மிச்சம் கருதி ஐரோப்பிய நாடுகள் தனிச் சோதனைக்கு உட்படுத்தின. அயல்நாட்டார் சோதித்து வாங்கும் இலையை உள்ளூர்க் குடும்பங்கள் சோதனையின்றி உண்பது சிந்திக்கத்தக்கது.

பரிகாரம் எளிது. பத்து அடி நீளமும் நாலு அடி அகலமுமுள்ள ஒரு பாத்தி போதும். நன்கு மக்கிய தொழுவெருவை மண்ணுடன் கலந்து, தண்ணீர் தேங்காவண்ணம் பாத்தியைச் சற்று உயர்த்திக் கொள்ளவேண்டும். துளசி விதை மிகச் சிறியதாகையால் மணலுடன் கலந்து மேலாகத் தூவுதல் நலம். கற்பூரவல்லியின் தண்டைக் கணுவுடன் ஒடித்து ஊன்றினால் வேர் பிடிக்கும். அரை நிழலையும் அது தாங்கும். வல்லாரைக்கு ஈரமும் நிழலும் வேண்டும். குடிநீர்க் குழாயடியில் வைக்கலாம், சாக்கடைத் தண்ணீர் பாயும் இடத்தில் வைத்தல் ஆகாது. தூதுவளை முள்ளுடைய கொடியாகையால் வேலியில் ஏற்றிவிடவேண்டும். ஆடாதோடையை, ஆடு தொடாத இலை என்னும் பெயருக்கேற்ப, வேலியாகவே நடலாம். முற்றிய தண்டின் துண்டுகள் எளிதில் துளிர்க்கும். கறிவேப்பிலையின் விதை விரைவில் முளைப்புத்திறனை இழப்பது. ஆகவே பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதைத்தல் வேண்டும். அதன் இலையைத் தின்னும் பச்சைப் புழுக்களைக் காலையில் கையால் பொறுக்கி அழித்தாலே வீட்டு மரத்துக்குப் போதுமானது.

இவ்வளவு சொல்வதால் மூலிகை சகல நோயையும் தீர்க்கும் என்று கொள்ளலாகாது. மூலிகையில் சத்து இல்லையென்பாரும், அதில் தீங்கே இல்லையென்பாரும் ஒருங்கே பிழைபடுகின்றனர். ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே, கபத்தை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து 1960-களில் வழக்கத்துக்கு வந்தது. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யவல்லது. ஆதலால் கருவுற்ற பெண்கள் ஆடாதோடையை உட்கொள்ளல் ஆகாது. கீழாநெல்லி கல்லீரல் அழற்சிக் கிருமியை அகற்றக்கூடுமென்று சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1988-இல் வெளியிட்ட முடிவு நம்பிக்கை ஊட்டிற்று. பின்னர் பிறர் நடத்திய சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனவே மஞ்சட்காமாலை கண்டவரை மருத்துவரிடம் காட்டாமல் கீழாநெல்லியை மட்டும் அரைத்துக் கொடுத்திருப்பது உயிருக்கே கேடாய் முடியலாம்.

சில செடிகளை வீட்டு வைத்தியத்தினின்று அறவே விலக்கவேண்டும். செங்காந்தட் கிழங்கு கொடிய நஞ்சு. ஆடுதின்னாப்பாளையின் குலத்தைச் சேர்ந்த செடி கலந்த மெலிவு மருந்தை உண்டு, 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர். இயற்கையில் விளைந்தது என்பது மட்டுமே தீங்கின்மைக்குச் சாட்சியாகாது.

இடமில்லை, நேரமில்லை என்போர் உண்டு. இடமில்லாதவர் நாலு மண்தொட்டியில் தொடங்கலாம். நேரமோ நாளொன்றுக்குக் கால்மணிக்கு மேல் வேண்டியதில்லை. உண்மையில் குறைந்து வருவது இடமுமன்று, நேரமுமன்று. செடியைப் பெயர் சொல்லி அறியும் பழக்கமே. அப்பழக்கம் இன்று பெரும்பாலும் முதிய பெண்மணிகளிடமே எஞ்சியுள்ளது. கொல்லையில் செடி இருந்தாலன்றி, பாட்டி பேரப்பிள்ளைக்கு அதனைக் காட்டுவதற்கு வழியில்லை. ஒரு தலைமுறை தவறினால், பின்னர் விதை கிடைப்பினும் அதன் அடையாளம் சொல்வார் கிடையார்.

ஆதலின் பயிர்த்தொழில் அலுவலர்கள் விளைநிலத்தைப் பார்வையிடும்போது கொல்லைப்புறத்தையும் ஒருமுறை நோக்குதல் நன்று. ஒவ்வொரு குடியானவரும் வரும் மழைக்கு முன்னரே ஒரு பாத்தியைத் திருத்தி, குழந்தைகளின் கையாலேயே துளசியையும் தூதுவளையையும் நடச் செய்வாராக.