புலிச் சித்திரமும் புலியின் கணக்கும்

"படத்தில் எழுதிய புலியினால் காட்டுப் புலி பிழைக்குமா?" என்று நம்மவருள் சிலர் நகைக்கின்றனர். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்னும் பழமொழியையும் துணைக்கு அழைக்கின்றனர். அழிந்துவரும் விலங்குகளைச் சித்திரமாகத் தீட்டி, அச்சித்திரங்களை விற்று, வந்த பொருளை அவ்விலங்குகளின் பாதுகாப்புக்கே செலவிடும் முயற்சி ஒன்று உலகில் நெடுநாளாக நடந்து வருகிறது. அதனைக் குறித்தே இந்த நகைப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மெய்யே. ஆனால் அந்த ஏட்டை விற்றுச் சுரை விதை வாங்கலாமன்றோ? நகைப்போர் இதனை எண்ணிப் பார்த்தாரில்லை.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைப்பவர் நாம். வரவு இன்னது, செலவு இன்னது, கையிருப்பு இன்னது என்று பார்ப்பதே நம் தொழில். ஆதலின் இந்த விஷயத்தையும் வெறும் உணர்ச்சிக்கு விட்டுவிடாமல் பேரேட்டில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். நம் கட்சி இதுதான்: கணக்கோடு வரும் விலங்குச் சித்திரம் பெருந்தொண்டு, கணக்கின்றி வருவது சுவரலங்காரம், விலங்கின் பெயரைச் சொல்லிக் காசு பறித்துக் கணக்கை மறைப்பது மோசடி. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதனாலேதான் நகைப்பவரும் ஏமாறுகிறார், புகழ்பவரும் ஏமாறுகிறார்.

முதலில் தொண்டைப் பார்ப்போம். டேவிட் ஷெப்பர்ட் என்னும் ஆங்கிலச் சித்திரக்காரர் 1931 இல் பிறந்து 2017 இல் மறைந்தவர். இளமையில் கென்யா நாட்டில் வனவிலங்குக் காவலராக வேண்டுமென்று ஆசைப்பட்டுக் கப்பலேறினார், வேண்டாமென்று திருப்பப்பட்டார். லண்டன் மாநகரின் பெயர்பெற்ற கலைப்பள்ளியும் அவருக்குத் திறமையில்லை என்று கைவிரித்துவிட்டது. பிறகு ஒரு சித்திரக்காரரை அண்டித் தொழில் கற்று, ஆகாய விமானங்களை வரைந்து ஜீவித்தார். 1960 இல் பிரிட்டிஷ் விமானப் படையினர், தாம் நாள்தோறும் ஓட்டும் விமானங்களின் படம் தமக்கு வேண்டாம், அந்நாட்டு விலங்குகளை எழுதித் தருக என்று கேட்கவே, அவர் தூரிகை காட்டை நோக்கித் திரும்பியது. அக்காலத்தில்தான் டாங்கனீக்காவில் நஞ்சு கலக்கப்பட்ட நீர்நிலை ஒன்றன் கரையில் 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்த காட்சியை அவர் கண்டார். தாகம் தீர்க்க வந்த வாயில்லா உயிர்களுக்கு நஞ்சூட்டிய மனிதனின் பேராசை அவர் நெஞ்சைச் சுட்டது. அன்றுமுதல் தம் தூரிகை சம்பாதித்ததில் ஒரு பங்கை விலங்குகளுக்குத் திருப்பிக் கொடுப்பதைக் கடமையாகக் கொண்டார்.

கடமை என்று சொல்வது எளிது, கணக்கு என்ன? 1973 இல் அவர் தீட்டிய 'டைகர் ஃபயர்' என்னும் புலிச் சித்திரத்தின் பிரதிகள் விற்று 127,000 பவுன் சேர்ந்தது. அப்பணம் இந்தியாவின் புலிப் பாதுகாப்புத் திட்டத்துக்குச் சென்றது. அத்திட்டம் அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாள் 9 காப்பகங்களோடு தொடங்கப்பட்டதாகும். வேறு சில சித்திரங்களை ஏலமிட்ட பொருளைக்கொண்டு, திருட்டு வேட்டையை ஒடுக்க ஜாம்பியா நாட்டுக்கு ஒரு ஹெலிகாப்டர் வாங்கிக் கொடுத்தார். அந்நாட்டுத் தலைவர் கென்னத் கௌண்டா, ரயில் வண்டிப் பிரியரான அவருக்குப் பழைய நீராவி எஞ்சின் ஒன்றையே பரிசாகக் கொடுத்தார். 1984 இல் தம் பெயரால் ஓர் அறநிறுவனம் கண்டார். அவர் மறைந்த பின்னும் அது நடந்து வருகிறது. கான்வாஸில் எழுதிய யானை கறிக்கு உதவியதா இல்லையா என்பதை நகைப்போர் சொல்லட்டும்.

ஒரு சித்திரத்தால் இந்தியப் புலி பிழைத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அது பொய்க் கணக்காகும். 1972 இல் அந்நாட்டார் எண்ணிய புலிகள் 1,827. 2006 இல் புதிய முறையில் மதிப்பிட்டபோது 1,411 என்றே வந்தது. அதற்குச் சற்று முன்னர் சரிஸ்கா என்னும் காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சாமல் வேட்டைத் திருடர் கொண்டுபோயிருந்தனர். காவல் கண்ணயர்ந்த இடத்தில் பணமும் பட்டயமும் ஒன்றும் செய்யவில்லை. காவலை இறுக்கிய பின்னரே எண்ணிக்கை ஏறியது. 2022 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 3,682 ஆயிற்று. ஆகவே சித்திரம் செய்யக்கூடியது இன்னதென்று தெளிவாகிறது. அது காவலனாக மாட்டாது, காவலனுக்குச் சம்பளமாகலாம்.

இச்சம்பளத்தைத் தனிமனிதர் தயாளத்துக்கு விடாமல் சட்டமாகவே செய்த நாடும் உண்டு. அமெரிக்காவில் நீர்ப்பறவைகள் அருகி வந்த காலத்தில், 1934 இல், வாத்து வேட்டைக்குப் போவோர் ஒரு டாலர் கொடுத்து முத்திரைத் தலை ஒன்று வாங்கியாக வேண்டும் என்று விதித்தனர். முதல் முத்திரையில் இறங்கும் வாத்து இணையை வரைந்தவர் ஜே. என். டார்லிங் என்னும் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். 1949 முதல் அம்முத்திரைக்கான சித்திரம் பொதுப் போட்டியால் தெரிந்தெடுக்கப்படுகிறது. வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 காசு பறவைகளின் சதுப்புநிலத்தை வாங்கவும் காக்கவும் போகிறது. இவ்வாறு காக்கப்பட்ட நிலம் 60 லட்சம் ஏக்கருக்கு மேல். சுடப் போகிறவன் கையிலிருந்தே காப்பதற்குப் பணம் வாங்கிய இந்தச் சாமர்த்தியத்தை என்னென்பது! அந்தச் சின்னஞ்சிறு படம் கண்ணுக்கு அழகு, கணக்குக்கும் அழகு.

"இவையெல்லாம் உயர்ந்த கலையா? மிட்டாய்ப் பெட்டிப் படங்களல்லவா?" என்று மூக்கைச் சுளிக்கும் கலைவாணரும் உளர். ஷெப்பர்டின் யானைப் படம் சாதாரணக் கடைகளில் விற்று எளியோர் வீட்டுச் சுவரிலும் தொங்கியதே அவர்கள் கண்ணில் குற்றமாயிற்று. எளியவனுக்கு விளங்குவது தாழ்ந்தது, பிரபுவின் மாளிகையில் அடைபட்டுக் கிடப்பது உயர்ந்தது என்னும் இந்த வருணாசிரமம் கலையிலும் எதற்கு? உயர்ந்த கலை மட்டும் விலங்கைக் காத்ததா என்று அவர்களைக் கேட்கிறோம்.

ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட அமெரிக்கப் பறவைகளின் சித்திரத் தொகுதி 435 தகடுகள் கொண்டது. உலகின் விலையுயர்ந்த நூல்களுள் ஒன்று. பறவைகளைச் சுட்டு வீழ்த்திக் கம்பியில் கட்டி நிறுத்தியே அவர் வரைந்தார். வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாவை வரைந்தார். அதன் கடைசி உயிர் 1914 இல் சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில் மாண்டது. கரோலினாக் கிளியை வரைந்தார்; கூண்டிலிருந்த கடைசிக் கிளி 1918 இல் அதே சாலையில் மாண்டது. சித்திரம் இருக்கிறது; பறவை இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலாக்காவில் 1803 முதல் 1818 வரை அதிகாரியாயிருந்த வில்லியம் ஃபார்குவார், இத்தீபகற்பத்துச் செடி கொடிகளையும் விலங்குகளையும் சீனச் சித்திரக்காரரைக் கொண்டு வரைவித்தார். அவற்றுள் 477 சித்திரங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வரைவித்த துரையின் பெயர் உலகம் அறியும். வரைந்த தொழிலாளியின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. வரையப்பட்ட விலங்குகளுள் ஒன்றாகிய தாப்பிர், காடு சுருங்கிச் சாலையில் வண்டி மோதிச் சாகிறது. அருமையான சித்திரம், ஆனால் விலங்குக்கு அதனால் ஒரு காசு வரவில்லை. கலை மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் தோழர்கள் சொல்லும் ஆட்சேபனைக்கு வருவோம். "தோட்டத்துப் பிள்ளைக்குப் புத்தகமில்லை, கூரை ஒழுகுகிறது, புலிக்கா பணம்?" என்கின்றனர். இந்தக் கேள்வியில் நியாயமான கோபம் இருக்கிறது; அதனை நாம் அவமதிக்க மாட்டோம். ஆனால் பிள்ளையின் புத்தகத்தைப் பறித்தது புலியா? கூரையைச் சீர்செய்யாமல் விட்டது யானையா? அவற்றுக்குப் பொறுப்பாளிகள் வேறு. அவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியை வாயில்லா விலங்கின்மேல் திருப்புவது, மேஸ்திரியைக் கேட்க அஞ்சி மாட்டை அடிப்பதற்கே ஒப்பாகும். அன்றியும், சித்திரம் வாங்குபவன் கொடுக்கும் பணம் காட்டில் யாருக்குப் போகிறது? ரோந்து சுற்றிக் கண்ணி அறுக்கும் ஏழைக்குக் கூலியாகப் போகிறது. பேராக் மாநிலத்துப் பெலும் தெமெங்கோர் காட்டில் ஒராங் அஸ்லி மக்கள் ரோந்துக்காரராய்ச் சேர்க்கப்பட்டபின் கண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. இதில் மனிதனுக்கு எதிராக விலங்கு எங்கே நிற்கிறது?

இன்னும் ஒன்று. காட்டில் மானும் பன்றியும் கண்ணியில் ஒழிந்தால் பசித்த புலி எங்கே வரும்? துரையின் பங்களாவுக்கா? விடியுமுன் பால்வெட்டப் போகும் தொழிலாளியின் நிரைக்கே வரும். 2023 இல் கிளந்தான் மாநிலத்துக் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி மனிதர் மாண்டதை மறந்தோமா? புலிக்குக் காட்டில் இரை இருப்பது புலிக்கு மட்டும் நன்மையன்று. தோட்டத்தானுக்கும் அதுவே வேலி.

நாம் கண்டிக்க வேண்டிய மோசடி வேறிடத்தில் இருக்கிறது. நாட்டு இலச்சினையில் இரு புலிகள் நிற்கின்றன. தைலப் புட்டியில் புலி, சாராயப் போத்தலில் புலி, பிஸ்கோத்துத் தகரத்தில் புலி, பந்தாட்டக் குழுவின் சட்டையில் புலி! புலியின் முகத்தைக் கூலியின்றி வேலை வாங்குவதற்கு எல்லோரும் முந்துகின்றனர். 'இப்படத்துக்காகப் புலிக்கு எத்தனை வெள்ளி கொடுத்தீர்?' என்று கேட்டால் கணக்குக் காட்டக் கூடியவர் எத்தனை பேர்? காட்டுபவரை வணங்குவோம், காட்டாதவர், பெயர்போட்டுவிட்டுச் சம்பளம் கொடாத முதலாளியேயாவர்.

பிறரைக் கேட்குமுன் நம் வீட்டுச் சுவரையும் பார்ப்போம். அங்கே காலண்டரில் புலி இருக்கிறது. சாமிக்கு வாகனமாக இருக்கிறது. மயில் இருக்கிறது, யானை இருக்கிறது. அவையும் ஊழியத்திலேதான் இருக்கின்றன. தனக்கென உயிர்வாழும் ஒரு புலியின் படம் நம்மவர் வீட்டில் உண்டா? கும்பிட்ட கையோடு, திருஷ்டி படாதென்று பிள்ளையின் கழுத்தில் புலிநகம் கட்டும் அறிவீனமும் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. தன் உயிரையே காத்துக்கொள்ள முடியாத புலியின் நகமா நம் பிள்ளையைக் காக்கும்? ஒரு நகத்துக்குத் தங்கப்பூண் கட்டுபவன், காட்டில் கண்ணி வைப்பவனுக்குக் கூலி கொடுப்பவனே. இந்த நாட்டுச் சட்டப்படியும் அது குற்றம். பகுத்தறிவின்படி அதனினும் பெருங்குற்றம்.

காலமோ நிற்கவில்லை. 1950 களில் மலாயாக் காடுகளில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்தன என்பது பழைய மதிப்பீடு. 2016 முதல் 2020 வரை நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பு, 150 க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று கண்டது. ஒரு சிறு தோட்டத்துச் செக்ரோலில் இதனினும் அதிகப் பெயர்கள் இருக்கும்! சுமத்ரா காண்டாமிருகத்தின் கதையோ முடிந்தே போயிற்று. 2008 இல் சபா மாநிலத்தில் 'டாம்' என்னும் ஆண் மிருகம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் வந்து நின்றது. காடு போதாமல் தோட்டத்தில் வந்து நின்ற அந்த உயிர் 2019 மே மாதம் மாண்டது. 'இமான்' என்னும் பெண் மிருகம் அவ்வாண்டு நவம்பரில் மாண்டது. மலேசிய மண்ணில் அவ்வினத்தின் பேரேடு மூடப்பட்டது. இனி அதனைச் சித்திரத்தில் மட்டுமே காணலாம். அந்தச் சித்திரத்தை விற்று எதைக் காப்பது?

சித்திரக்காரருக்கும் ஒரு சொல். புலியும் யானையும் பார்வைக்குக் கம்பீரமானவை, விலை போகும். செதிள் மூடிய எறும்புத்தின்னியை யார் எழுதுகிறார்? மலாய்க்காரர் தெங்கிலிங் என்னும் அந்த ஏழைப் பிராணி, இரவில் செம்பனை நிரைகளினூடே ஊர்ந்து எறும்பைத் தின்று நமக்கு நன்மையே செய்கிறது. அதன் செதிளுக்கு மருந்துக் குணம் உண்டென்னும் மூட நம்பிக்கையால் அது கொல்லப்படுகிறது. அழகில்லாத உயிருக்கும் உயிர் ஒன்றே. அதனை அழகென்று காணச் செய்வதற்கன்றோ கலைஞன் பிறந்தான்?

ஆகவே அன்பர்களே, விலங்கின் பெயரால் ஒரு படமோ காலண்டரோ வாழ்த்தட்டையோ உங்கள் கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எத்தனை காசு விலங்குக்குப் போகிறது? எந்தக் காட்டில், எந்த வேலைக்குச் செலவாகிறது? அக்கணக்கை எழுதி வெளியிடுபவர் யார்? மூன்றுக்கும் விடை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். சாமி படத்துக்கு அருகே மாட்டுங்கள், குற்றமில்லை. விடை இல்லையேல் திருப்பிக் கொடுங்கள். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும், காலண்டரைப் பார்த்துப் படம் எழுதச் சொல்லாமல், தோட்டத்து ஓரத்துக் காட்டில் தாம் கண்ட உயிரை எழுதச் சொல்லுங்கள். அப்படங்களைத் திருநாளில் வைத்து விற்று, வந்த பணத்தைக் காட்டுக் காவலுக்கு அனுப்பி, ரசீதையும் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள்.

சித்திரத்தைப் பார்த்து நகைப்பது எளிது. ரசீதைப் பார்த்து நகைக்க முடியாது. புலியின் பக்கத்தில் இன்னும் எழுதுவதற்கு இடம் இருக்கிறது. அது காண்டாமிருகத்தின் பக்கத்தைப்போல் மூடப்படுமுன் வரவு வைப்போமாக.