மேயர் சீட்டுக்குத் துண்டு போடுவோர் கவனத்துக்கு

காமர்ஸ் படித்தவர்களைப் பற்றி ஊரில் ஓர் அபிப்பிராயம் உண்டு. பற்று எழுதுவான், வரவு எழுதுவான், அதுக்கு மேல ஒண்ணும் கிழிக்க மாட்டான்! நானும் பி.காம். என்பதால் காது பழகிவிட்டது. இனி எவனாவது ஆரம்பித்தால் ஒரே பதில்தான்: டெரன்ஸ் மெக்ஸ்வினி.

அயர்லாந்தில் கார்க் என்கிற சின்ன நகரத்தின் மேயர். குடும்பக் கஷ்டத்தில் 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ராத்திரி கண் விழித்துப் படித்து 1907-ல் பட்டம். பிறகு வணிகப் பாடம் நடத்தும் வாத்தியார். நடுநடுவே கவிதை, நாடகம். நம்மில் பாதிப் பேர் கதை மாதிரி இல்லை? இதுவரைதான் சார் அப்படி.

1920. அயர்லாந்தில் விடுதலைப் போர். ஜனவரியில் கார்க் மேயரானவர் மெக்ஸ்வினியின் நண்பர் தொமாஸ் மெக்கர்ட்டன். மார்ச் 20, அவருடைய 36-வது பிறந்த நாள். விடிவதற்குள் வீடு புகுந்து சுட்டுவிட்டார்கள். மரண விசாரணை நடத்திய ஜூரி போலீஸோடு நிறுத்தவில்லை. பிரதமர் லாயிட் ஜார்ஜையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்து எழுதிவிட்டுத்தான் எழுந்தது!

நம்ம ஆபீஸில் ஒரு சீட் காலியானால் எத்தனை துண்டு விழும்? இந்த சீட்டில் ரத்தம் காயவில்லை. வீட்டில் மனைவி, இரண்டு வயசுகூட நிரம்பாத பெண் குழந்தை. இருந்தும் மெக்ஸ்வினி போய் உட்கார்ந்தார். புரட்சிப் படையின் உள்ளூர்த் தளபதிப் பொறுப்பும் அவர் தலையில்தான்.

ஆகஸ்ட் 12 அன்று நகர மன்றத்திலேயே கைது. உடனே சாப்பாட்டை நிறுத்தினார். ராணுவ கோர்ட் 2 வருஷம் கொடுத்து லண்டன் பிரிக்ஸ்டன் சிறைக்கு அனுப்பியது. உலகம் பூராவும் பத்திரிகைகள் தினமும் நாள் எண்ணின. சர்க்கார் அசையவில்லை. அக்டோபர் 25, உண்ணாவிரதத்தின் 74-வது நாள், போய்விட்டார். வயசு 41.

சர்க்காருக்கு அப்புறம்தான் வயிற்றைக் கலக்கியது. லண்டன் சதர்க் தேவாலயத்திலேயே சுமார் 30,000 பேர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். அடுத்து டப்ளின் வழியாக ஊர்வலம் என்பது குடும்பத்தின் ஏற்பாடு. டப்ளினில் எவ்வளவு கூட்டம் சேருமோ! ஹோலிஹெட் துறைமுகத்தில் சவப்பெட்டியைப் பிடுங்கி, வேறு கப்பலில் ஏற்றி, நேரே கார்க்குக்கு அனுப்பினார்கள். உயிரோடு இருந்தவருக்கு இறங்கி வராத சாம்ராஜ்யம், பெட்டிக்குள் படுத்திருந்தவருக்குப் பாதை மாற்றியது.

எந்த நகர மன்றத்தில் கைதானாரோ, அங்கேயே அவர் உடலை வைத்தார்கள். அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை, நண்பர் மெக்கர்ட்டன் உறங்கும் அதே இடுகாட்டில் அடக்கம்.

1929-ல் லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து ஜதீன் தாஸ் இறந்தபோது, மெக்ஸ்வினி குடும்பத்திலிருந்து தந்தி வந்தது. அந்தத் துக்கம் அவர்களுக்குத்தானே தெரியும்!

அது சரி, கார்க் மேயர் சீட் என்ன ஆயிற்று? டிசம்பர் 11 ராத்திரி பிரிட்டிஷ் படையினர் வைத்த தீயில் நகர மன்றக் கட்டடமே எரிந்து போனது. ஆனால் சீட் காலியாக இல்லை. அதற்குள் டோனல் ஓ'கல்லஹன் என்று மூன்றாவது ஆள் மேயராகியிருந்தார்.

சர்க்கார் போட்ட கணக்கில் விட்டுப்போன ஐட்டம் அதுதான். பி.காம். படித்தவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்!