வேற்றுருவம் வேற்றினமாகுமா?

அரியதொரு வண்ணத்துப்பூச்சி கிடைத்தவுடன் அதற்குப் புதுப்பெயர் சூட்ட விழைதல் மக்கள் இயல்பு. ஆயின், உருவம் வேறாயின் இனமும் வேறென்று துணிதல் பொருந்தாது என்பது எமது கருத்து.

இதற்குச் சான்று தேடிச் சேய்மைக்கண் செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டை நாட்டு வீட்டுக் கொல்லைகளில் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் கரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றுண்டு. ஆணின் பின்சிறகில் வெண்புள்ளிகள் ஒரு வரிசையாய் விளங்கும். பெண்ணோ மூன்று கோலங்கள் உடையது. ஒன்று ஆணையே போன்றது. ஏனைய இரண்டும், பறவைகள் உண்ண வெறுக்கும் வேறு இரு செம்மேனிப் பூச்சிகளைப் போலத் தோன்றி உயிர் பிழைப்பன.

இயற்கைநூற் பேரறிஞராகிய லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் இதன் ஆணுக்குப் பம்மன் என்றும், பெண்ணுக்குப் பொலிட்டெஸ் என்றும் வெவ்வேறு பெயரிட்டார். பின்னர்க் கிரேமர் என்பார் மற்றொரு பெண்கோலத்தை ரோமுலஸ் என்றார். இங்ஙனம் ஒரு குடும்பம் மூன்றாயிற்று! இவை ஓரினமே என 1865-இல் வாலேஸ் விளக்கினார். அக்கோலங்களை மாற்றுவது ஒரே மரபணு என்பதை 2014-இல் கிருஷ்ணமேக் குண்டே முதலியோர் வெளியிட்டனர்.

அங்ஙனமாயின் புதிய இனமே இல்லையோ எனின், உண்டு. மேகமலையில் வாழும் வெள்ளிக்கோட்டு வண்ணத்துப்பூச்சி ஒன்று 2023-இல் தனியினமென அறிவிக்கப்பட்டது. வெள்ளிக்கோட்டு வகையினவோ ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பன. எனவே, வேறுபட்டவை ஓரினமாதலும் ஒத்தவை வேற்றினமாதலும் கூடும்.

ஏட்டுச் சுவடியிற் பாடபேதம் கண்டவுடன் அதனை வேறு நூலென்பார் யாருமிலர். பல சுவடிகளை ஒப்புநோக்கியே துணிவர். அதுபோல, முட்டை, புழு, உணவுச்செடி, பருவம், புணர்ச்சி ஆகிய யாவும் ஆராய்ந்த பின்னரே இனம் துணிதல் வேண்டும். குத்திவைத்த உயிரற்ற சிறகொன்று முழுச் சான்றாகாது.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. தனியினத்தைத் திரிபென்று தள்ளின், அது வாழுங் காடு அழியினும் கேட்பாரிலர். திரிபைத் தனியினமென்று கொள்ளின், காக்கும் முயற்சி வேண்டாவிடத்துச் செலவாகும்.

உயிர்களைத் தன்முன் கொணரக் கண்ட பின்னரே ஆதாம் அவற்றிற்குப் பெயரிட்டான் என்று ஆதியாகமம் கூறும். காணுதல் முன்னது, பெயரிடுதல் பின்னது. மாணவ நண்பர்காள்! நும் வீட்டுக் கறிவேப்பிலையிற் புழுவைக் காணின் நசுக்காதீர். இலையிட்டு வளர்த்து, எக்கோலம் வெளிவருகின்றதெனப் பொறுத்திருந்து காண்மின்.