சாம்பல்தானே என்றார்கள்

அடுப்புச் சாம்பலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் பெயர்ப் பொருத்தமேயன்றி வேறு பொருத்தம் கிடையாது. முன்னது விறகு எரிந்த மிச்சம். பாத்திரம் துலக்கப் பயன்படும். பின்னதோ நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளுமாகும். இதை எண்ணிப் பாராதவர்க்கு, 2010 ஏப்ரலில் ஐரோப்பிய நாடுகள் தம் வான்வழிகளை அடைத்தது வெற்று அச்சமாகவே தோன்றும். அன்று பலர் அப்படித்தான் பேசினர்.

அவர்கள் மறந்த இரவு ஒன்று உண்டு. 1982 ஜூன் 24. கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்கு 263 பேருடன் ஒரு ஜம்போ விமானம் 37,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்தது. கீழே ஜாவாத் தீவில் காலுங்குங் எரிமலை குமுறியதை விமானி எரிக் மூடி அறியார். ராடார் மேகத்தின் ஈரத்தைத்தான் காட்டும். உலர்ந்த சாம்பல் அதன் கண்ணில் படாது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 'சிறியதொரு சிக்கல்' என்று பயணிகளுக்கு அறிவித்தாராம் அந்த மனிதர்! எஞ்சினின் வெப்பத்தில் சாம்பல் உருகிப் பாகாய் ஒட்டிக் காற்று வழியை அடைத்திருந்தது. விமானம் மிதந்தபடியே ஏறத்தாழ 13,000 அடிக்கு இறங்கிய பின்னரே எஞ்சின்கள் உயிர்பெற்றன. நின்ற எஞ்சின் குளிரவே, பாகு இறுகி உடைந்து உதிர்ந்ததுதான் காரணம். ஜகார்த்தாவில் இறங்கும்போது முன்கண்ணாடி உப்புத்தாளால் தேய்த்தாற்போல் மங்கி, ஓடுபாதையே சரிவரத் தெரியவில்லை.

ஆகவே, 2010இல் ஐஸ்லாந்தின் எயாஃப்யாட்லாயோகுட்ல் (இப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் விமானமே தரையிறங்கிவிடும்) வெடித்தபோது விமானங்களை நிறுத்தியது சரியே என்பது என் கருத்து. ஆறு நாட்களுக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் விமானப் பயணங்கள் இரத்தாயின. ஒரு கோடிப் பேர் அல்லலுற்றனர். ஐரோப்பியச் சந்தைக்குப் போகவேண்டிய கென்யாவின் ரோஜாக்கள் குப்பைக்குப் போயின. அச்சாம்பலை ஆராய்ந்த ஐஸ்லாந்து, டென்மார்க் அறிஞர்கள், இரு வாரம் நீரில் இட்டுக் கலக்கியும் அதன் கூர்மை மழுங்கவில்லை என்று 2011இல் எழுதினர். அச்சம் வெற்று அச்சமன்று.

என் குறை வேறு. எவ்வளவு சாம்பலை ஓர் எஞ்சின் தாங்கும்? ஜாவா நிகழ்ச்சிக்குப் பின் 28 ஆண்டுகள் கழிந்தும் இதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு கிடையாது. சாம்பல் இருந்தால் ஒதுங்கிப் போ என்பதே விதி. விரிந்த கடலின் மேல் ஒதுங்கலாம்; நெருக்கமான ஐரோப்பிய வானில் எங்கே ஒதுங்குவது? விமான நிறுவனங்களுக்கு நாள்தோறும் கோடிக்கணக்கில் இழப்பு ஏறியதும், ஏப்ரல் 20 அன்று கனமீட்டருக்கு 2 மில்லிகிராம் வரை பறக்கலாம் என்று பிரிட்டனில் அளவு பிறந்தது. எஞ்சின் செய்வோரும் தலையசைத்தனர். மே மாதத்தில் அந்த 2, 4 ஆயிற்று!

28 ஆண்டுகள் வாய் திறவாதவர்கள் ஒரே வாரத்தில் விடை சொன்னார்களே, அந்த விடையை முன்பே சோதனைச் சாலையில் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் எந்த வானை அடைப்பது, எதைத் திறப்பது என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.