ஏலத்தில் நிற்பது எவருடைய வண்டி?

பாலாவிச் சந்தியிற் திரும்பிக் கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில் ஒரு விடியற்காலை நின்று பார்ப்போர்க்கு, புத்தளக் கரையோர மக்களின் வாழ்வு எதன்மேல் ஓடுகின்றது என்பது சொல்லாமலே விளங்கும். மிளகாயும் வெங்காயமும் ஏற்றிய சிறு லொறிகள், மீனும் பனிக்கட்டியும் சுமந்த கூலர் வண்டிகள், பள்ளிப் பிள்ளைகளை நெருக்கி ஏற்றிய முச்சக்கர வண்டிகள். இவற்றுட் பல, ஓட்டுபவனின் உடைமை அல்ல. கடைசித் தவணை கட்டித் தீரும் வரை, பதிவுப் புத்தகத்தின்படி முழு உரிமையும் நிதிக் கம்பனிக்கே உரியது. தவணை தவறினால் வண்டி 'சீஸ்' ஆகிவிட்டது என்பர் எம் மக்கள். பின் அது ஒரு வேலி அடைத்த முற்றத்தில் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்து, 'உள்ளது உள்ளபடியே' என்ற நிபந்தனையுடன் ஏலத்துக்கு வருகின்றது.

இத்தகைய வண்டியை வாங்கலாமா என வாசகர் பலர் எம்மை வினவுகின்றனர். கேட்போருள் ஆசிரியருமுளர், கமக்காரருமுளர். மலிவு என்பது அவர்கள் காணும் நன்மை; இன்னொருவன் கண்ணீர் என்பது அவர்களை உறுத்தும் அச்சம். வாங்குதல் பாவமென்று நாம் கூறோம். ஒருவன் வாங்காது விட்டதனால் வண்டி பழைய உரியவனிடம் திரும்பிவிடப் போவதில்லை. ஆயின் அம்மலிவு எங்கிருந்து பிறக்கின்றது என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

தவணை தவறியோர் யாவரும் சோம்பேறிகளோ, சூதாடிகளோ? 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்குமுன்னரே கற்பிட்டி மணற்றரையின் தோட்டங்கள் அடிபட்டுவிட்டன. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. படகு கடலுக்குப் போகாத நாளில் கூலர் வண்டிக்கு ஏற்ற மீனேது? கொள்ளைநோய்க் காலத்தில் அளிக்கப்பட்ட அவகாசமோ, முடிந்த மறுநாள் ஒத்திவைத்த தவணையையும் அதற்குரிய வட்டியையும் சேர்த்தே கொண்டு வந்தது. அரசே 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தது. அரசுக்குப் பேச்சுவார்த்தை, முச்சக்கர வண்டிக்காரனுக்குப் பறிமுதல்!

ஏலக் கணக்கைச் சற்று நுணுகி நோக்குக. ஒருவனுக்கு மீதிக் கடன் 8 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். வண்டி 5 இலட்சத்துக்கு விலைபோனால் எஞ்சிய 3 இலட்சமும், பறித்த கூலியும், முற்றத்து வாடகையும் அவன் தலையிலும் அவனுக்குப் பிணைநின்றோர் தலையிலும் விழுகின்றன. பிணைநிற்போர் யார்? மைத்துனன், அயல்வீட்டுக்காரர், பாடசாலை ஆசிரியர். ஆகவே தரகர் ஐவர் முற்றத்தின் மூலையிற் கூடி, விலையை ஏற்றுவதில்லை எனக் கைகலந்து கொள்ளும்போது, அவர்கள் ஏமாற்றுவது கம்பனியை அன்று; வண்டியிழந்தவனையும் அவனுக்காகக் கையொப்பமிட்டவனையுமே.

மறுபுறமும் ஒன்றுண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திற் பழைய வண்டிகளின் விலை விண்ணேறியது. அன்று பறிக்கப்பட்ட வண்டி கடனுக்கு மேலாகவும் விலைபோயிருக்கக் கூடுமன்றோ? அம்மிகுதி எவர் பையிற் சேர்ந்தது? குறைந்தால் கடனாளியைத் தேடி வரும் கணக்கு, கூடினால் மட்டும் வழி தவறிவிடுவதேன்?

2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் கம்பனிக்கு உரிமையையும் மீட்கும் அதிகாரத்தையும் தருகின்றது. ஆயினும் 1988 இல் ஒட்டாவாவில் நிறைவேறிய அனைத்துலக நிதிக் குத்தகை உடன்படிக்கை, தவறியவன் தன் தவறைத் திருத்திக்கொள்ள நியாயமான வாய்ப்பளிக்கும் அறிவித்தல் முன்னே கொடுக்கப்பட வேண்டும் என்கின்றது. அவ்வறிவித்தல் எம்மொழியில் வருகின்றது? உடப்பிலும் முந்தலிலும் வாழும் தமிழ் பேசுவோன் ஆங்கிலப் பத்திரத்திற் கையொப்பமிட்டு, விளங்காத மொழியில் வரும் கடிதத்தைப் பிறரிடம் வாசிக்கக் கொடுக்கும் நிலை இன்னும் ஒழியவில்லை. தமிழும் ஆட்சிமொழி எனச் சட்டம் சொல்லி எத்தனை ஆண்டுகள்! நிலத்தை ஈடுவைத்த கமக்காரனுக்கு 1941 இலேயே கடன் இணக்கச் சபை என ஒன்றைக் கட்டளைச் சட்டம் அமைத்தது. வண்டியே நிலமாகிவிட்டவனுக்கு அத்தகைய வாசல் எங்கே?

ஏலம் பகிரங்கமாய், தமிழிலும் அறிவிக்கப்பட்டு நடைபெற வேண்டும். பிணைநின்றோர்க்கு நாளும் இடமும் முன்னரே தெரிவிக்கப்பட வேண்டும். மிகுதிப் பணம் பழைய உரியவனுக்குச் சேர வேண்டும். இவற்றைச் சட்டமாக்குமாறு இம்மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கின்றோம்.

வாங்குவோர்க்கு ஒரு சொல். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்துடன் பொருந்துகின்றனவா என மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதி செய்க. வருமான அனுமதிப்பத்திர நிலுவை எவர் பொறுப்பு, உரிமை மாற்றப் பத்திரம் எந்நாள் கிடைக்கும் என்பவற்றை எழுத்திற் பெறுக. பழைய உரியவன் வழக்குத் தொடுத்துள்ளானா எனக் கேட்க மறவாதீர். எம் கரையோரத்து உப்புக்காற்றில் ஓடிய கூலர் வண்டியாயின், மேற்பூச்சைப் பாராது, வண்டிக்கடியிற் படுத்துத் துருவைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்க.

வண்டி இழந்தோர், வந்த கடிதம் ஒவ்வொன்றையும் உறையுடன் பேணி வைப்பாராக. பறித்த நாள், வந்தோர் காட்டிய அதிகாரப் பத்திரம், வண்டியிலிருந்த பொருட்கள் ஆகியவற்றைக் குறித்து, ஏலத்தில் விலைபோன தொகையைக் கம்பனியிடம் எழுத்திற் கேட்க வேண்டும். மறுமொழி வராவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1935. தமிழிலேயே பேசுக.