அடையாளம் தெரியாத பொம்மைகள்

நவீன கலை என்றாலே நம்மில் பலருக்கு ஒரு தயக்கம். புரியவில்லை என்று சொன்னால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். 2011ல் பைகுல்லாவின் டாக்டர் பாவு தாஜி லாட் மியூசியத்தில் ஜிதிஷ் கல்லட்டின் கண்காட்சியைப் பார்க்க நெருளிலிருந்து ரயில் ஏறியபோது எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

1872ல் விக்டோரியா ராணி, ஆல்பர்ட் இளவரசர் பெயரில் திறந்த மியூசியம் இது. 1975ல் பெயர் மாறி, 2008ல் புதுப்பொலிவு பெற்றது. இங்குள்ள களிமண் பொம்மைகள் பிரசித்தம். அந்தக்கால பம்பாயின் ஜாதிகளும் தொழில்களும் சின்னஞ்சிறு உருவங்களாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கின்றன. தலைப்பாகையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். மாதுங்கா வீட்டுக் கொலுவில் செட்டியார் தொந்தியும் கடைச் சாமான்களுமாக உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி. ஆனால் கொலுச் செட்டியார் நம் வீட்டு மனிதர். இங்கே, ஆளவந்தவன் தன் குடிகளை இனம் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறான்.

கல்லட் 1974ல் மும்பையில் பிறந்தவர். மூங்கில் சாரம் போலவே ரெசினில் வார்த்து ஒரு படைப்பை நிறுத்தியிருந்தார். கெட்டிக்கார வேலை; என் மனம் ஒட்டவில்லை. ஆனால் அவரும் பொம்மைகள் செய்திருந்தார். அங்கே நகர முடியாமல் நின்றுவிட்டேன்.

சட்டையும் பேன்ட்டும் போட்ட குட்டி மனிதர்கள். அடிக்கிறார்கள், இழுக்கிறார்கள், ஓடுகிறார்கள். ஒளியின் வேகம் என்ற ஆங்கிலத் தொடரில் ஒளியை எடுத்துவிட்டு, அதே ஓசையுள்ள மிரட்சியை வைத்துத் தலைப்பு. 'மிரட்சியின் வேகத்தில் கோபம்' என்று தமிழாக்கலாம்; அந்த ஓசை வராது. யார் எந்தக் கட்சி, எந்த மதம், அடிப்பவன் யார், தடுப்பவன் யார் என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஏன் தேடினேன் என்பதுதான் என்னை உறுத்தியது. மும்பைத் தமிழனுக்கு இந்தத் தேடல் புதிதல்ல. 1966ல் பிறந்த சிவசேனை தென்னிந்தியர் மேல் கோபத்தைக் கிளப்பியபோது லுங்கியே அடையாளமாயிற்று. 1992-93 கலவரத்தில் பெயரைக் கேட்டார்கள், தாடியைப் பார்த்தார்கள். களிமண் பொம்மைக்காரர் தலைப்பாகையில் செய்த வேலையைத் தெருவில் கத்தியோடு வந்தவன் செய்தான்.

அந்தக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் 1998ல் அளித்த அறிக்கை, இறந்தவர்கள் 900 பேர் என்கிறது. 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள், பிறர் 5. மீதி 45 பேர் யாரென்று தெரியவில்லை.

கல்லட்டின் கண்காட்சி முடிந்து வருஷங்கள் ஆகின்றன. நவீன கலை எனக்குப் புரிகிறதா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொம்மைகளின் முகங்களை நினைக்கும்போதெல்லாம், அறிக்கையில் ஒற்றை வரியாய்ப் போன அந்த 45 பேர் நினைவுக்கு வருகிறார்கள்.